தனியாக, டென்ட்டோடு, மேற்கு அமெரிக்க மலைகளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன செப்டம்பரில் 24 நாள் லீவு போட்டுவிட்டு, ஆரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து தனியாகக் காரில் கிளம்பினேன். ஐடஹோ, வயோமிங், மொன்டானா, கொலராடோ, யூட்டா, நெவாடா, கலிஃபோர்னியா என்று மலை மலையாகச் சுற்றி, சுமார் 4,000 மைல் ஓட்டித் திரும்பினேன். மூன்று இரவு தவிர மற்றதெல்லாம் டென்ட்டிலும் கார் சீட்டை மடக்கிப் போட்டும்தான். வந்ததிலிருந்து நண்பர்கள், அலுவலகத்தில் உள்ளவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துப் போட்டுவிட்டேன்.

எந்த வழியாகப் போனீர்கள்?

போர்ட்லாந்திலிருந்து கொலம்பியா ஆற்றை ஒட்டிக் கிழக்கே போய், பாய்ஸி நகரம் தாண்டி, 21ஆம் நெடுஞ்சாலையில் ஏறி ஸ்டான்லி. நூறு பேரை ஒட்டித்தான் அந்த ஊரின் மக்கள்தொகை. பின்னால் சாடூத் மலைத்தொடர், பெயருக்கு ஏற்றபடி ரம்பப் பல்லாக நிற்கும். பக்கத்தில் ரெட்ஃபிஷ் ஏரி. கடலிலிருந்து சாக்கை சால்மன் மீன்கள் கொலம்பியா, ஸ்னேக், சால்மன் என்று மூன்று ஆறுகளில் எதிர்நீச்சல் போட்டு, 900 மைல் தாண்டி, 6,500 அடி ஏறி முட்டையிட வரும் ஏரி அது. வழியில் அணைகள் வந்த பிறகு மீன் குறைந்துகொண்டே போய், 1992இல் ஒரே ஒரு ஆண் மீன்தான் வந்து சேர்ந்ததாம். நான் இரண்டு நாளில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வந்த வழி அது.

அங்கிருந்து சாலிஸ், மெக்கே, ஆர்க்கோ. 1955இல் முழுக்க அணுமின்சாரத்தால் மட்டும் விளக்கெரிந்த முதல் ஊர் ஆர்க்கோ. ஊருக்குப் பின்னால் உள்ள பாறை மலையில், ஒவ்வொரு வருடமும் பள்ளி முடித்துப் போகும் பிள்ளைகள் தங்கள் வருடத்தைப் பெரிதாக எழுதிவைத்திருக்கிறார்கள். பிறகு டீட்டன் கணவாய் வழியாக ஜாக்சன், கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன். யெல்லோஸ்டோனின் வடகிழக்கு வாசல் வழியாக வெளியேறி பேர்டூத் நெடுஞ்சாலை. அதன் உச்சி 10,947 அடி. தெற்கே இறங்கி லேண்டர், கொலராடோவில் டிரெயில் ரிட்ஜ் ரோடு, இண்டிபெண்டன்ஸ் கணவாய், யூரே, சில்வர்டன். யூட்டாவைக் குறுக்கே கடந்து நெவாடாவில் கிரேட் பேசின் தேசியப் பூங்கா. கடைசியாக டியோகா கணவாய் வழியாக சியரா மலை, அப்புறம் வடக்கே வீடு.

24 நாளுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். யூட்டாவைக் குறுக்கே கடந்த நாளில் ஒரு இடத்திலும் இறங்கி ஐந்து நிமிடம் நிற்கவில்லை. இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

தனியாகப் போகப் பயமாக இல்லையா?

பகலில் இல்லை. ராத்திரி, அதுவும் இருட்டிய பிறகு ஒரு புது இடத்துக்குப் போய்ச் சேரும்போது, இருந்தது. அதனால் கிளம்பும்போதே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: மாலை நான்கு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை. நான்கு மணிக்குள் இரவு தங்கும் இடம் முடிவாகியிருக்க வேண்டும். செப்டம்பரில் இருட்ட ஏழரை எட்டு ஆகும். டென்ட் அடித்து, சமைத்து, சுற்றி நடந்து பார்த்து, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், தண்ணீர் எங்கே, காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது.

இந்த விதியை ஒரே ஒரு நாள் மீறினேன். பதினோராம் நாள், லேண்டரிலிருந்து கொலராடோவுக்குள் இறங்கும்போது, "இன்னும் ஒரு மணி நேரம்தானே" என்று ஓட்டிக்கொண்டே போய், ஒன்பது மணிக்குக் கும்மிருட்டில் ஒரு காட்டுப் பாதையில் சமமாகத் தெரிந்த தரையில் டென்ட் அடித்தேன். இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தது. டென்ட் துணிக்கு அந்தப் பக்கம், என் தலையிலிருந்து இரண்டடியில், யாரோ மூச்சு விடுகிறார்கள். நீளமான, ஈரமான மூச்சு. அப்புறம் எதையோ பிய்க்கிற சத்தம். கொலராடோவில் க்ரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி கிடையாது என்பது மூளைக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியவில்லை. ஒரு கையில் கரடியை விரட்டும் பேர் ஸ்ப்ரே, ஒரு கையில் டார்ச்சோடு ஜிப்பை நாலு விரல் அளவு திறந்து பார்த்தேன். பச்சையாக மின்னும் கண்கள். ஒன்றிரண்டு இல்லை, பத்துப் பன்னிரண்டு ஜோடி.

பசு மாடுகள். அமெரிக்க அரசுக் காடுகளில் பண்ணைக்காரர்கள் கட்டணம் செலுத்தி மாடு மேய்க்கலாம் என்பதைப் படித்திருந்தேன், மறந்துவிட்டேன். விடிந்ததும் பார்த்தால் என் டென்ட் அவை தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் தடத்தின் நட்டநடுவில் நிற்கிறது. சுற்றிலும் சாணி. மாலை ஐந்து மணிக்கு வந்திருந்தால் அந்த இடத்தில் யாரும் டென்ட் அடித்திருக்க மாட்டார்கள்.

பெண் தனியாகப் போவது பாதுகாப்பா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதால் யாருக்கும் நடக்காது என்று சொல்ல மாட்டேன். நான் செய்ததைச் சொல்கிறேன். நெடுஞ்சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இலவச முகாம் போட்டதில்லை. ஒன்று, கட்டண முகாமில் மற்றவர்களோடு, இல்லையென்றால் உள்ளே தள்ளி யாருக்கும் தெரியாத இடத்தில். காரை வெளியே போகும் திசையைப் பார்த்து நிறுத்துவேன். சாவி எப்போதும் ஒரே பையில். "தனியாகவா?" என்று யாராவது கேட்டால், "இல்லை, ஃபிரெண்ட்ஸ் பின்னால் வருகிறார்கள்." சொல்லிச் சொல்லி அந்த ஃபிரெண்ட்ஸுக்கு நானே பெயர்கூட வைத்துவிட்டேன்.

ஒரு இடம் மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால் காரணம் தேடாமல் கிளம்பிவிட வேண்டும். இரண்டு முறை அப்படிக் கிளம்பினேன். நான்கு மணி விதி இருந்ததால்தான் வேறு இடம் தேட வெளிச்சம் மிச்சம் இருந்தது.

கட்டண முகாம்களில் பெரும்பாலும் ஒரு கேம்ப் ஹோஸ்ட் இருப்பார். ரிட்டயர் ஆன தம்பதி, பெரிய வண்டிவீட்டோடு கோடை முழுக்க அங்கேயே தங்கி முகாமைப் பார்த்துக்கொள்வார்கள். வந்ததும் அவர்களிடம் போய் இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள். தனியாக வந்த பெண் என்று தெரிந்தால் சாயந்திரம் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்கள். சாடூத்தில் ஒரு அம்மா தினமும் வந்து "ராத்திரி குளிர் தாங்கினாயா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

துப்பாக்கி?

வேண்டாம்.

இரவு தங்க முன்பதிவு தேவையா?

தேசியப் பூங்காவுக்கு உள்ளே என்றால் ஆமாம். பல பூங்காக்களின் முகாம்களுக்கு ஆறு மாதம் முன்பே ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பதிவு திறக்கும். பிரபலமான இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். யாராவது ரத்து செய்வார்கள் என்று முதல் நாள் மாலை பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு ஆளுக்கு ஒரு இடம் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. தனியாகப் போவதில் இது ஒரு லாபம்.

பூங்காவுக்கு வெளியே உள்ள தேசிய வனங்கள் வேறு உலகம். வனத்துறையின் சின்ன முகாம்கள் பலவற்றில் முதலில் வந்தவருக்கு இடம். பத்துப் பதினைந்து இடம், ஒரு மர மேஜை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், ஒரு கழிப்பறை, சில இடங்களில் அடிபம்பு. வாசலில் ஒரு இரும்புத் தூண், அதில் ஒரு பிளவு. பக்கத்துப் பெட்டியில் கவர்கள் இருக்கும். இடத்தைப் பிடித்ததும் கவரில் கார் நம்பர், தேதி எழுதி, பணத்தை உள்ளே வைத்து ஒட்டித் தூணுக்குள் போட வேண்டும். கவரின் ஓரத்தில் கிழித்த துண்டை உங்கள் இடத்துக் கம்பத்தில் செருகிவிட வேண்டும். 15 முதல் 30 டாலர் வரை ஆகும். சில்லறை தர யாரும் இல்லை. முதல் நாள் என்னிடம் இருபது டாலர் நோட்டு மட்டும் இருந்ததால் 16 டாலர் முகாமுக்கு இருபது போட்டேன். வங்கியில் ஐந்தும் ஒன்றுமாக மாற்றி எடுத்துக்கொண்டு போங்கள்.

இலவசமாகத் தங்க முடியுமா?

முடியும், சட்டப்படியே. தேசிய வனங்களிலும், மத்திய அரசின் பொது நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் நில நிர்வாகப் பணியகத்தின் நிலங்களிலும், தடை போடாத இடங்களில் முகாம் அடிக்கலாம். பணியக நிலத்தில் பொதுவாக 28 நாளில் 14 நாள் வரை ஒரே இடத்தில் இருக்கலாம். தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது, குப்பைத் தொட்டி கிடையாது. எந்தப் பாதையில் வண்டி போகலாம், எங்கே ஓரமாகத் தங்கலாம் என்று காட்டும் வண்டிப்பாதை வரைபடத்தை வனத்துறை அலுவலகங்களில் சும்மாவே தருகிறார்கள். கறுப்பு வெள்ளையில் பார்க்க லட்சணமில்லாமல் இருக்கும். ஆனால் எந்த ஆப்பையும்விட அதைத்தான் நம்பலாம். ஏற்கெனவே யாரோ தங்கிய தடம் இருக்கும் இடத்தில் தங்குங்கள். புல்லை மிதித்துப் புது இடம் உண்டாக்க வேண்டாம்.

யெல்லோஸ்டோன் போன்ற தேசியப் பூங்காவுக்குள் இது செல்லாது. சாலையோரம் காரில் தூங்கினாலும் எழுப்பிவிடுவார்கள்.

கரடி வந்தால் என்ன செய்வது?

முதலில், எந்தக் கரடி என்று பார்க்க வேண்டும். க்ரிஸ்லி இருப்பது நான் போன வழியில் யெல்லோஸ்டோன், டீட்டன் வட்டாரம். கருங்கரடி எல்லா இடத்திலும் உண்டு. கலிஃபோர்னியாவின் கொடியில் க்ரிஸ்லி இருக்கிறது, மாநிலத்தில் நூறு வருடமாக ஒன்றுகூட இல்லை.

கரடியின் பிரச்சினை அதன் வயிறு. உணவு, பற்பசை, சோப்பு, உதட்டுக்குப் போடும் பாம் வரை வாசனை உள்ள எதுவும் டென்ட்டுக்குள் கூடாது. முகாமில் இரும்புப் பெட்டி இருந்தால் அதில் வைத்துப் பூட்ட வேண்டும். யெல்லோஸ்டோனில் மூடிய காருக்குள் வைக்கலாம்; கலிஃபோர்னியாவின் யோசமிட்டி பூங்காவில் ராத்திரி காருக்குள் உணவு வைக்கவே கூடாது. அங்கே உள்ள கருங்கரடிகள் கார்க் கதவைச் சுளை உரிப்பது போல உரித்துவிடும். ஊருக்கு ஊர் விதி வேறு, காரணம் ஊருக்கு ஊர் கரடி கற்றுக்கொண்ட பாடம் வேறு. யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் டென்ட்டுக்கே அனுமதியில்லை, கெட்டிச் சுவர் உள்ள வண்டிகள் மட்டும்தான்.

க்ரிஸ்லி பகுதியில் முகாமுக்கு வெளியே தங்கினால் சமையலை டென்ட்டிலிருந்து நூறு கஜம் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கடுகும் பெருங்காயமும் தாளிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் யெல்லோஸ்டோன் பக்கம் இருந்த ஐந்து நாளும் தாளிக்கவே இல்லை.

பேர் ஸ்ப்ரே என்பது மிளகாயில் உள்ள கேப்சைசின் தான், அழுத்தத்தில் அடைத்தது. 40, 50 டாலர். முப்பது அடி வரை மேகமாகப் போகும். பையின் அடியில் வைத்தால் பயனில்லை, இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். கொசு மருந்து மாதிரி உடம்பிலோ டென்ட்டிலோ அடிப்பதற்கல்ல. அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு ரேஞ்சர் சிரிக்காமல் சொன்னார். விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோகக் கூடாது. யோசமிட்டியில் அதற்கும் தடை.

உண்மையில் யெல்லோஸ்டோனில் ஆட்களை அதிகம் காயப்படுத்துவது காட்டெருமை. மாடு மாதிரி சாதுவாக நிற்கும், போட்டோ எடுக்கப் பக்கத்தில் போவார்கள். கரடி, ஓநாய், பூமா என்றால் 100 கஜம், மற்ற மிருகங்கள் என்றால் 25 கஜம் தள்ளி நிற்பது பூங்கா விதி. வெந்நீர் ஊற்றுகள் இன்னும் மோசம். அவற்றில் விழுந்து இதுவரை 20 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். மரப்பாதையை விட்டு இறங்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

இதில்தான் நான் அசடு வழிந்தேன். இரண்டு கிலோ பொன்னி அரிசி, துவரம் பருப்பு, ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு, ஒரு பாத்திரம். குக்கர் எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று வீட்டில் விட்டுவிட்டேன்.

உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். கிரேட் பேசினில் வீலர் பீக் முகாம் 9,886 அடி, அதாவது சுமார் 3,000 மீட்டர். அங்கே தண்ணீர் 90 டிகிரியில் கொதிக்கிறது. தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து நாம் நூறு என்று நினைத்துக்கொள்வோம். நாற்பது நிமிடம் வைத்தேன். வெளியே குழைந்து கஞ்சியாகிவிட்டது, நடுவில் ஒவ்வொரு பருக்கையிலும் ஊசிமுனை அளவு கடுக்கென்று இருந்தது. பருப்பு பக்கத்தில்கூட வரவில்லை. காரில் இருந்த சிப்ஸ் பாக்கெட்டுகள் மட்டும் தலையணை மாதிரி உப்பி, தொட்டால் வெடிக்கும் நிலையில் இருந்தன. அன்றைக்கு இரவுச் சாப்பாடு அதுதான்.

குக்கர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. குக்கர் இல்லாதவர்களுக்கு ரவை, சேமியா, அவல். உப்புமா எந்த உயரத்திலும் வெந்துவிடும். எனக்குக் கடைசி வரை கைகொடுத்தது வீட்டில் காய்ச்சிக் கொண்டுபோன புளிக்காய்ச்சல். கூஸ்கூஸ் என்று கடையில் கிடைக்கும் குருணை மாதிரியான ஒன்றில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்து, புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசைந்தால் புளியோதரைக்கு ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கும். தயிர் நாலு நாள் ஐஸ் பெட்டியில் தாங்கும், அப்புறம் புளித்துவிடும்.

கேஸ் கேனிஸ்டர் குளிரில் சுணங்கும். உள்ளே இருக்கும் பியூட்டேன் பூஜ்யம் டிகிரி பக்கம் வந்தாலே ஆவியாக மறுக்கும். காலையில் காபி வேண்டுமென்றால் ராத்திரி கேனிஸ்டரை ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் போட்டுக்கொண்டு தூங்குங்கள்.

குளிர் எப்படி?

செப்டம்பர் பகல் ஊட்டி மாதிரி, ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே. ஸ்டான்லியில் காலையில் தண்ணீர் பாட்டில் மூடி உறைந்து திறக்கவில்லை. ஸ்லீப்பிங் பேக்கில் போட்டிருக்கும் டிகிரி பெரும்பாலும் அதில் உயிரோடு இருக்கலாம் என்ற அர்த்தத்தில்தான். நிம்மதியாகத் தூங்க அதைவிடப் பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டாவது கூடுதல் குளிர் தாங்குகிறதை வாங்குங்கள். பலரும் மேலே போர்த்திக்கொள்வதைப் பற்றியே யோசிக்கிறார்கள். குளிர் வருவது தரையிலிருந்து. கீழே விரிக்கும் மெத்தைக்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும். தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, சாக்ஸில் போட்டு உள்ளே வைத்துக்கொண்டால் விடியும்வரை வெதுவெதுப்பு இருக்கும்.

காரில் தூங்கினால் கண்ணாடியை ஒரு விரல் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் விடியற்காலையில் மூச்சுக்காற்று கூரையிலிருந்து முகத்தில் சொட்டும்.

எந்தக் கார்? நாலு சக்கர டிரைவ் வேண்டுமா?

என்னுடையது பத்து வயதான சுபாரு. நான் போன சாலைகளில் முக்கால்வாசிக்கு எந்தக் காரும் போதும். காட்டுப் பாதையில் தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி இருந்தால் நல்லது, அவ்வளவுதான். காரைவிட ஸ்டெப்னி முக்கியம். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

சாலிஸுக்கும் மெக்கேக்கும் நடுவில் ஒரு கப்பிச் சாலை பிரிந்து போகிறது. 1983 அக்டோபரில் 6.9 அளவில் வந்த நிலநடுக்கத்தில் போரா சிகரத்தின் அடிவாரம் பிளந்த தழும்பு அங்கே இன்னும் தெரியும். அதைப் பார்க்கப் போய்க் கூரான கல்லில் டயர் போயிற்று. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி இறக்கினால், அது அப்படியே சப்பென்று உட்கார்ந்துவிட்டது. மூன்று வருடமாக நான் அதில் காற்றுப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பண்ணைக்காரர் ஒருவர் பிக்கப்பில் வந்து, தன் கம்ப்ரெஸரால் காற்றடித்துக் கொடுத்தார். "அந்தப் பிளவைப் பார்த்தாயா இல்லையா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை என்றதும் கூட வந்து காட்டிவிட்டுப் போனார். இப்போது என் காரில் பஞ்சர் ஒட்டும் திரி, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னக் கம்ப்ரெஸர் இரண்டும் நிரந்தரமாக இருக்கின்றன.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள். டீட்டன் கணவாயில் சரிவு பத்து சதவீதம். ஆட்டோமேட்டிக் காரிலும் கியரைக் குறைக்க வழி இருக்கும். வீட்டிலேயே கையேட்டைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். தீய்ந்த ரப்பர் மாதிரி வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும்.

பெட்ரோல் பாதித் தொட்டிக்குக் கீழே இறங்கக் கூடாது. நெவாடாவில் ஈலியிலிருந்து டோனோபா வரை ஆறாம் நெடுஞ்சாலையில் 165 மைலுக்கு மேல் ஒரு பங்க்கூட இல்லை. இன்னொன்று, மலை மாநிலங்களில் மலிவாகக் கிடைப்பது 85 ஆக்டேன் பெட்ரோல் (ஆக்டேன் என்பது பெட்ரோலின் தரத்தைச் சொல்லும் எண்). பெரும்பாலான கார்களின் கையேடு 87 கேட்கும். பம்பில் எண்ணைப் பார்த்து அழுத்துங்கள்.

உயரத்தால் உடம்புக்கு ஏதும் ஆகுமா?

8,000 அடிக்கு மேல் தூங்கினால் சிலருக்குத் தலைவலி, குமட்டல் வரும். பகலில் 12,183 அடி டிரெயில் ரிட்ஜ் ரோடு ஏறி இறங்குவது வேறு, அந்த உயரத்தில் தூங்குவது வேறு. இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏறுங்கள், தண்ணீர் குடியுங்கள். தலைவலி கூடினால் மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் இறங்கிவிடுங்கள். கோடையில் கொலராடோவில் மதியம் இடி மின்னல் வழக்கம். மரமில்லாத உயரத்தில் நடப்பவர்கள் பகல் பன்னிரண்டுக்குள் இறங்கிவிட வேண்டும்.

போன் சிக்னல் இருக்குமா? வீட்டில் என்ன சொன்னீர்கள்?

பாதி நாள் இருக்காது. வரைபடங்களை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்று வாங்கினேன். ஐஃபோன் 14 முதல் வந்தவற்றில் ஆபத்துக்கு உதவி கேட்கும் வசதி போனிலேயே இருக்கிறது.

வீட்டில் நடந்தது வேறு கதை. மதுரையில் இருக்கும் அம்மாவிடம் "தோழியோடு போகிறேன்" என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரத்தில் பிடிபட்டேன், எல்லா போட்டோவிலும் ஒரே ஒரு தட்டு. உண்மையான ஏற்பாடு சியாட்டிலில் இருக்கும் தங்கையோடு. ஒவ்வொரு மாலையும் தங்கும் இடத்தை அனுப்புவேன். மறுநாள் இரவு ஒன்பது வரை செய்தி இல்லையென்றால் அவள் அந்த வட்டாரத்துப் போலீஸான ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். எண்களைப் பயணத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன்.

கழிப்பறை, குளியல்?

முகாம்களில் தண்ணீர் இல்லாத குழிக் கழிப்பறை இருக்கும், காகிதமும் பெரும்பாலும் இருக்கும். காட்டில் என்றால் நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குலம் குழி தோண்டி மூட வேண்டும். காகிதத்தைப் பையில் போட்டுக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். குளியல் நாலு நாளுக்கு ஒரு முறை. லாரிக்காரர்கள் நிறுத்தும் பெரிய பங்க்குகளில் காசு கொடுத்தால் சுத்தமான குளியலறையும் துண்டும் தருவார்கள். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வடிகட்டாமல் குடிக்க வேண்டாம். ஜியார்டியா என்ற கிருமி வயிற்றைப் பல வாரம் படுத்தும்.

நெருப்பு மூட்டலாமா?

அந்த வாரம் தடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் பல காடுகளில் முழுத் தடை இருக்கும். மூட்டினால், படுக்கப் போகும் முன் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையை வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்க வேண்டும். காட்டுத்தீப் புகை இருநூறு மைல் தள்ளியும் வரும். ஏர்நவ் தளத்தில் காற்றின் தரத்தைப் பார்த்து வழியை மாற்றிக்கொள்ளத் தயாராக இருங்கள்.

எந்த மாதம் நல்லது?

செப்டம்பர். ஜூலை வரை சில கணவாய்கள் பனியால் திறந்தே இருக்காது. ஜூலையில் திறந்தால் கொசு. அக்டோபர் நடுவில் மறுபடி மூடத் தொடங்கும். செப்டம்பரில் இன்னொரு லாபம் எல்க் மான்கள். ஆண் மான் துணை தேடிக் கூப்பிடும் பருவம் அது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து, துருப்பிடித்த இரும்புக் கேட்டை யாரோ மெதுவாகத் திறப்பது போல ஒரு சத்தம் வரும். முதல் நாள் பக்கத்து முகாமில் யாரோ கதவைத் திறக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

செலவு? பூங்காக் கட்டணம்?

பெட்ரோல்தான் பெரிய செலவு. தங்குவதற்கு ஆனது அதில் பாதிகூட இல்லை. எல்லா தேசியப் பூங்காவுக்கும் செல்லும் வருடப் பாஸ் 80 டாலர். 2026 ஜனவரியிலிருந்து அந்த விலை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும்; வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 250 டாலர். பாஸ் இல்லாமல் யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன், யோசமிட்டி உட்பட 11 பூங்காக்களுக்குப் போனால் வெளிநாட்டவர் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஊரிலிருந்து வருபவர்கள் இரண்டு பூங்கா பார்ப்பதாக இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்தியாவிலிருந்து வந்து வாடகைக் காரில் செய்ய முடியுமா?

முடியும். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்து வாருங்கள். ஒப்பந்தத்தில் மண் சாலையில் ஓட்டக் கூடாது என்ற வரி இருக்கிறதா என்று படியுங்கள், பெரும்பாலும் இருக்கும். ஒரு ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் கட்டணம் கூடும்.

போரடிக்கவில்லையா?

மூன்றாம் நாள் பயங்கரமாக. ஏழாம் நாளுக்கு அப்புறம் இல்லை. இடையில் என்ன நடந்தது என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நடுவில் ஒரு நாள் காருக்குள் சத்தமாக என்னோடு நானே சண்டை போட்டது மட்டும் நினைவிருக்கிறது.

எனக்கு ஒரு வாரம்தான் லீவு. எங்கே போகலாம்?

யெல்லோஸ்டோன் என்று சொல்வேன் என எதிர்பார்ப்பீர்கள். நான் ஐடஹோவைச் சொல்வேன். பாய்ஸிக்கு விமானத்தில் வந்து கார் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டான்லி, 8,701 அடி கலீனா உச்சி, கெட்சம், எரிமலைக் குழம்பு உறைந்த கிரேட்டர்ஸ் ஆஃப் தி மூன், ஆர்க்கோ, மெக்கே, சாலிஸ், மறுபடி ஸ்டான்லி, பாய்ஸி. மொத்தம் 550 மைல் அளவுக்குத்தான் வரும், ஒரு நாளைக்கு நூறு மைல்கூட ஓட்ட வேண்டாம். கிரேட்டர்ஸில் கறுப்புக் கற்களுக்கு நடுவிலேயே முகாம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் 1969இல் அப்பல்லோ விண்வெளி வீரர்கள் பயிற்சிக்கு வந்தார்கள். ஸ்டான்லிக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ச் சேருங்கள். வார இறுதிக் கூட்டம் டென்ட்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருக்கும், ஏரியைப் பார்த்த இடம்கூட காலியாகக் கிடைக்கும். கவரில் போட சில்லறை எடுத்துக்கொண்டீர்களா?